ஈரலுக்கு ஆண், பெண் என்று சொல்லிக்கொடுப்பது யார்?

பாலியல் ஓமோன்கள் எங்கே வேலை செய்கின்றன என்று கேட்டால் கருப்பை, மார்பகம், விதை, எலும்பு என்று அடுக்குவோம். ஈரலை ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வளர்ந்த பெண் எலியின் ஈரலையும் அதே வயது ஆண் எலியின் ஈரலையும் எடுத்து, பால் சுரக்கச் செய்யும் புரொலக்டின் என்ற ஓமோனைப் பிடிக்கும் வாங்கிகள் (receptors) கலமென்சவ்வில் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். பெண் ஈரலில் ஏராளமாக இருக்கும். ஆண் ஈரலில் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆண் எலிக்குச் சில நாட்கள் ஈஸ்ட்ரஜன் ஊசி போட்டால் அதன் ஈரலும் பெண் ஈரலைப்போல் வாங்கிகளை உண்டாக்கத் தொடங்கிவிடும்.

இதைப் படித்தவுடன் ‘ஈஸ்ட்ரஜன் ஈரலுக்குள் போய் வாங்கியைக் கூட்டுகிறது’ என்று எழுதிவிடத் தோன்றும். மருத்துவ பீட மாணவர்களின் விடைத்தாள்களில் அடிக்கடி வரும் வசனம் இதுதான். அதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி மூளையின் அடியில் உள்ள கபச்சுரப்பியில் இருக்கிறது. அந்தப் பாதியை விட்டுவிட்டால் ஆய்வுகூட முடிவும் விளங்காது, கிளினிக்கில் கையில் தரும் இரத்தப் பரிசோதனைச் சீட்டும் விளங்காது.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாங்கிகள் இரண்டு வகை. புரொலக்டின், வளர்ச்சி ஓமோன், இன்சுலின் போன்ற புரத ஓமோன்கள் கலத்துக்குள் நுழையமாட்டா. அவற்றின் வாங்கிகள் கலமென்சவ்வில் இருக்கின்றன. ஈஸ்ட்ரஜன், டெஸ்டொஸ்டெரோன், தைரொயிட் ஓமோன் ஆகியவற்றின் முக்கியமான வாங்கிகள் கலத்துக்குள் இருந்து, ஓமோன் வந்து சேர்ந்ததும் கலத்தின் கருவில் உள்ள பரம்பரையலகுகளைத் தூண்டுகின்றன அல்லது அடக்குகின்றன. ஈரல் கலத்தில் இரண்டு வகையும் உண்டு. ஈஸ்ட்ரஜனின் அல்பா வாங்கி அங்கே தெளிவாக இருக்கிறது, ஆண்களிலும் பெண்களிலும். டெஸ்டொஸ்டெரோன் போன்ற ஆண் ஓமோன்களைப் பிடிக்கும் அன்ட்ரஜன் வாங்கியும் உண்டு.

1974இல் பொஸ்னர், கெலி, ஃப்ரீசன் என்று கனடாவில் வேலைசெய்த மூன்று ஆய்வாளர்கள் எலி ஈரலின் புரொலக்டின் வாங்கி பற்றி வெளியிட்ட பரிசோதனை இன்றைக்கும் பாடமாக நிற்கிறது. ஈஸ்ட்ரஜன் கொடுத்தால் வாங்கி கூடுகிறது என்பதை அவர்கள் காட்டினார்கள். பிறகு கபச்சுரப்பியை அகற்றிய எலிக்கு அதே ஈஸ்ட்ரஜனைக் கொடுத்தார்கள். வாங்கி கூடவில்லை. ஈரல் அதே ஈரல், மருந்தும் அதே மருந்து; இடையில் இல்லாமற் போனது கபச்சுரப்பி ஒன்றுதான். அடுத்த ஆண்டு, கபச்சுரப்பி அகற்றிய எலியின் சிறுநீரக உறைக்குக் கீழே இன்னொரு எலியின் கபச்சுரப்பியைப் பதித்தார்கள். அந்த இடத்தில் பதித்த சுரப்பிக்கு மூளையின் பரிவகக்கீழிலிருந்து (hypothalamus) வரும் டோபமின் தடை கிடைக்காது. எனவே அது நிறுத்தாமல் புரொலக்டினைச் சுரக்கும். ஈரலில் வாங்கிகள் திரும்ப வந்தன. ஓமோனே தன் வாங்கியைக் கூட்டுகிறது என்ற கருத்து அங்கிருந்து வலுப்பெற்றது. பல ஓமோன்கள் அளவுக்கு மிஞ்சினால் தங்கள் வாங்கியைக் குறைத்துக்கொள்ளும். எலி ஈரலின் புரொலக்டின் வாங்கி அந்த வழக்கத்துக்கு எதிர்த்திசையில் போகிறது. கர்ப்ப காலத்தில் இந்த வாங்கி கூடுவதையும் இதோடு சேர்த்துத்தான் விளங்கவேண்டும்.

இதற்குப் பிறகு கதையின் மையம் வளர்ச்சி ஓமோனுக்கு மாறியது. ஆண் எலியில் வளர்ச்சி ஓமோன் ஏறத்தாழ மூன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பெரும் அலையாக இரத்தத்தில் ஏறும். இரண்டு அலைகளுக்கு நடுவில் அளவு அநேகமாக ஒன்றுமில்லை என்ற நிலைக்கு இறங்கிவிடும். பெண் எலியில் அலைகள் சிறியவை, அடிக்கடி வருபவை, நடுவில் அளவு ஒருபோதும் பூச்சியத்துக்குப் போவதில்லை. மொத்தமாகப் பார்த்தால் இரு பாலிலும் சுரக்கும் அளவில் அவ்வளவு வேறுபாடு இல்லை. வேறுபடுவது வரும் முறை. சுவீடனில் யான் ஒக்க குஸ்தாஃப்சனின் குழு 1970களில், பெண் ஈரலைப் பெண் ஈரலாக்குவது கபச்சுரப்பியிலிருந்து வரும் ஏதோ ஒன்று என்று காட்டியது. பின்னர் அந்த ஒன்று வளர்ச்சி ஓமோன்தான் என்பது உறுதியானது. ஆண் எலிக்குச் சிறு பம்பு மூலம் வளர்ச்சி ஓமோனை இடைவிடாமல் செலுத்தினால், சூலகமும் இல்லை ஈஸ்ட்ரஜனும் இல்லை, ஆனாலும் ஈரல் பெண் ஈரலாகிறது: ஆண்களுக்கே உரிய நொதியங்கள் குறைகின்றன, பெண்களுக்குரியவை எழுகின்றன, புரொலக்டின் வாங்கியும் கூடுகிறது.

இப்போது பாலியல் ஓமோனின் வேலை எங்கே என்று தெரிகிறது. பிறந்த நாட்களில் ஆண் குட்டியின் விதை சுரக்கும் டெஸ்டொஸ்டெரோன் பரிவகக்கீழைப் பதப்படுத்திவைக்கிறது. பருவமடைந்த பின் டெஸ்டொஸ்டெரோனோ ஈஸ்ட்ரஜனோ அந்தப் பரிவகக்கீழ் வழியாக வளர்ச்சி ஓமோன் வரும் முறையை நிர்ணயிக்கிறது. ஈரல் கலத்துக்குள் ஸ்டாட் 5பி என்ற புரதம் ஒவ்வொரு அலைக்கும் விழித்துக் கருவுக்குள் போகிறது. அலை ஓய்ந்ததும் திரும்புகிறது. ஆண் முறையில் இது மாறிமாறி நடக்கிறது. பெண் முறையில் சிறிதளவு எப்போதும் விழித்தபடியே இருக்கிறது. கபச்சுரப்பி என்ற தபாற்காரன் கடிதத்தை எப்போது, எத்தனை தடவை கொண்டுவருகிறான் என்பதை வைத்தே ஈரல் அது ஆண் வீடா பெண் வீடா என்று அறிகிறது.

அப்படியென்றால் நேர்வழி ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அந்த நேர்வழியின் கதவும் கபச்சுரப்பியிடம்தான் இருக்கிறது. எலி ஈரலில் உள்ள ஈஸ்ட்ரஜன் வாங்கியின் அளவே வளர்ச்சி ஓமோனோடும் சிறுநீரகத்துக்கு மேலுள்ள அதிரீனல் சுரப்பியின் ஓமோன்களோடும் இணைந்துதான் ஒழுங்காகிறது. கபச்சுரப்பியை எடுத்துவிட்டால் அது வெகுவாகக் குறைகிறது. கருப்பையில் அப்படி இல்லை. அதனால்தான் கருப்பைக்குப் போதுமான சிறு அளவு ஈஸ்ட்ரஜன் ஈரலைப் பெரிதாக அசைப்பதில்லை. அன்ட்ரஜன் வாங்கியோ ஆண் எலியின் ஈரலில் பருவமடையும்போது எழுந்து, முதுமையில் அநேகமாக மறைந்துவிடுகிறது. முதிய ஆண் எலியின் ஈரல் டெஸ்டொஸ்டெரோனுக்கு அசையாததற்குக் காரணம் அதுதான். ஊசி போட்டு இரத்த அளவைக் கூட்டினாலும் வாங்கி இல்லாத இடத்தில் ஓமோன் என்ன செய்யும்?

நேர்வழியும் சுற்றுவழியும் ஒன்றையொன்று தேடும் என்பதற்கு எல்.டி.எல். வாங்கி நல்ல சாட்சி. அது ஓமோன் வாங்கி அல்ல, கொலஸ்ட்ரோலைப் பிடிக்கும் வாங்கி. கருத்தடைக் குளிசையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரஜனான எதினைல் ஈஸ்ட்ரடையோலைப் பெரிய அளவில் எலிக்குக் கொடுத்தால் ஈரலில் எல்.டி.எல். வாங்கி பன்மடங்காகிறது, இரத்தக் கொலஸ்ட்ரோல் விழுந்துவிடுகிறது. 1992இல் ரூட்லிங்கும் கூட்டாளிகளும் கபச்சுரப்பி அகற்றிய எலியில் இந்த விளைவு தளர்ந்துவிடுவதையும், வளர்ச்சி ஓமோனைத் திரும்பக் கொடுத்தால் மீள்வதையும் காட்டினார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தப் பரிசோதனைகளில் வழக்கமான அளவு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். 30 மைக்கிரோகிராம் உள்ள கருத்தடைக் குளிசையை 60 கிலோ எடையுள்ள பெண் எடுத்தால் ஒரு கிலோவுக்கு அரை மைக்கிரோகிராம்தான் வருகிறது. பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். பரிசோதனையின் அந்தப் பெரிய அளவில் எலி சாப்பாட்டைக் குறைத்துவிடும், பித்தம் ஓடுவதும் மந்தமாகும். ஆகவே அதே அளவு உணவு மட்டும் கொடுக்கப்பட்ட இன்னொரு எலிக் கூட்டம் ஒப்பீட்டுக்கு இல்லாத ஆய்வை நான் நம்பமாட்டேன். வாங்கி கூடியது மருந்தாலா பட்டினியாலா என்று எப்படித் தெரியும்?

ஆய்வுகூடத்தில் வாங்கியை அளப்பது எப்படி என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் பிழையான முடிவுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

புரொலக்டின் வாங்கிக்குப் பழைய, இன்றும் நம்பகமான முறை கதிர்த்தொழிற்பாடுள்ள ஓமோனைக் கொண்டு அளப்பது. எலியின் ஈரலை எடுத்த உடனேயே பனிக்கட்டியில் வைக்கவேண்டும். இந்த வாங்கிகள் விரைவாக அழிந்து விரைவாக உண்டாகுபவை, மேசையில் கிடந்தால் அளவு இறங்கிவிடும். 0.3 மோலர் சுக்குரோசுக் கரைசலில் அரைத்து, முதலில் 15,000 ஜீ வேகத்தில் 20 நிமிடம் மையநீக்கியில் சுற்றி, மேலே தெளிந்ததை எடுத்து 100,000 ஜீயில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சுற்றினால் அடியில் படிவது மென்சவ்வுத் துணிக்கைகள். அதை மக்னீசியம் சேர்ந்த டிரிஸ் கரைசலில் கலக்கி, ஒரு குழாய்க்கு 200 முதல் 400 மைக்கிரோகிராம் வரை புரதம் வரும்படி எடுத்து, அயடின் 125 ஏற்றிய ஓமோனோடு அறை வெப்பநிலையில் இரவு முழுக்க விடுவார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் இணையாக இன்னொரு குழாயில் ஏற்றாத ஓமோன் ஒரு மைக்கிரோகிராம் அளவில் மிகையாகச் சேர்க்கவேண்டும். அந்தக் குழாயிலும் ஒட்டிக்கொண்டிருப்பது வாங்கியில் பிடித்தது அல்ல. மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் வருவதே உண்மையான பிணைப்பு.

எந்த ஓமோனை ஏற்றுவது என்பதில்தான் பலரும் வழுக்குவார்கள். மனித வளர்ச்சி ஓமோன் எலியின் வளர்ச்சி ஓமோன் வாங்கியையும் பிடிக்கும், புரொலக்டின் வாங்கியையும் பிடிக்கும். பெண் எலி ஈரலில் அதை வைத்து அளந்துவிட்டு ‘பெண்களில் வளர்ச்சி ஓமோன் வாங்கி இத்தனை மடங்கு’ என்று எழுதினால், எண்ணியதில் பெரும்பாலானவை புரொலக்டின் வாங்கியாகவே இருக்கும். புரொலக்டின் வாங்கிக்குச் செம்மறியாட்டுப் புரொலக்டினும், வளர்ச்சி ஓமோன் வாங்கிக்கு மாட்டு வளர்ச்சி ஓமோனும் பாவிக்கவேண்டும். ஓமோனில் அயடின் ஏற்றும்போது குளோரமின்-டி கடுமையாக வேலைசெய்து ஓமோனையே கெடுத்துவிடக்கூடும்; லக்டோபெரொக்சிடேசு முறை மென்மையானது.

இன்னொரு வலை: கர்ப்பமான எலியிலோ ஈஸ்ட்ரஜன் கொடுத்த எலியிலோ வாங்கிகளின் ஒரு பகுதியில் எலியின் சொந்த ஓமோன் ஏற்கனவே அமர்ந்திருக்கும். நீங்கள் ஏற்றிய ஓமோனுக்கு இடம் கிடைக்காது, வாங்கி குறைவு என்ற பொய்யான முடிவு வரும். மென்சவ்வை 4 மோலர் மக்னீசியம் குளோரைட்டில் ஐந்து நிமிடம் பனியில் வைத்து, உடனே கரைசலை ஊற்றி ஐதாக்கி, திரும்பச் சுற்றி எடுத்தால் அமர்ந்திருந்த ஓமோன் கழன்றுவிடும். கழுவாத மாதிரியையும் கழுவிய மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் அளக்கவேண்டும். முதலாவது வெறுமையான வாங்கி, இரண்டாவது மொத்த வாங்கி. இரண்டையும் சொல்லாத அட்டவணை எனக்குப் போதாது.

ஈரலின் ஈஸ்ட்ரஜன் வாங்கியை அளப்பது இன்னும் சிக்கல். ஈரல் இரத்தம் நிறைந்த உறுப்பு. உப்புக் கரைசலைச் செலுத்தி இரத்தத்தைக் கழுவி எடுக்காவிட்டால் இரத்தப் புரதங்கள் ஓமோனைப் பிடித்துக் கணக்கைக் குழப்பும். எலிக்குட்டியின் அல்பா பீட்டோ புரதம் உடம்பின் முதன்மையான ஈஸ்ட்ரஜனான ஈஸ்ட்ரடையோலை இறுக்கமாகப் பிடிக்கும். மனிதனில் அந்தத் தொல்லை இல்லை. வளர்ந்த ஆண் எலியின் ஈரலிலோ ஈஸ்ட்ரஜனைத் தளர்வாக, ஆனால் பெருமளவில் பிடிக்கும் இன்னொரு புரதம் இருக்கிறது. அது வாங்கி அல்ல. ஏற்றாத ஈஸ்ட்ரடையோலைப் போட்டியாகச் சேர்த்தால் அந்தப் புரதத்திலிருந்தும் கழன்றுவரும், வாங்கி என்று எண்ணிவிடுவோம். அதற்குப் பதிலாக டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரோல் என்ற செயற்கை ஈஸ்ட்ரஜனைச் சேர்த்தால் அது உண்மையான வாங்கியில் மட்டும் போட்டியிடும்.

இப்போது பெரும்பாலானோர் வாங்கியைச் செய்யச் சொல்லும் தூது ஆர்.என்.ஏ.யை அளந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். அந்தத் தூது கூடினால் மென்சவ்வில் வாங்கி கூடியதாக அர்த்தமில்லை. ஈஸ்ட்ரஜனின் பீட்டா வாங்கியை 1996இல் கண்டுபிடித்ததும் குஸ்தாஃப்சனின் குழுதான். அதற்கென்று விற்கப்பட்ட பிறபொருளெதிரிகளில் பல வேறு புரதங்களைப் பிடித்தன என்பது பின்னர் தெரியவந்தது. ஈரலில் பீட்டா வாங்கி ஏராளம் என்று எழுதிய பழைய படங்களை அந்தக் கண்ணோடுதான் பார்க்கவேண்டும். கலவளர்ப்பிலும் கவனம் தேவை. மனித ஈரல் புற்றிலிருந்து வளர்க்கப்படும் ஹெப்-ஜீ2 கலங்களில் அல்பா வாங்கி மிகக் குறைவு. எலியிலிருந்து பிரித்தெடுத்த ஈரல் கலங்களோ தட்டில் நாளாக நாளாகத் தங்கள் வாங்கிகளை இழந்துவிடும். வளர்ப்பு ஊடகத்தில் நிறத்துக்குச் சேர்க்கும் பீனோல் சிவப்போடு ஈஸ்ட்ரஜன் குணமுள்ள மாசும் வருகிறது. எலிக்குப் போடும் தீவனத்தில் சோயா இருந்தால் அதுவும் அப்படியே. ஈஸ்ட்ரஜன் இல்லாத கூட்டம் என்று பெயர் எழுதி வைத்த கூட்டுக்குள் ஈஸ்ட்ரஜன் போய்க்கொண்டிருக்கும்.

எலியை விட்டு மனிதருக்கு வருவோம். எலியில் கண்ட ஆண்-பெண் இடைவெளி மனிதரில் அவ்வளவு கூர்மையாக இல்லை. எங்கள் வளர்ச்சி ஓமோன் அலைகளிலும் ஆண்-பெண் வேறுபாடு உண்டு, ஆனால் மென்மையானது. மனிதரில் மிகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது ஈஸ்ட்ரஜன் எந்த வழியால் உள்ளே போகிறது என்பது.

விழுங்கிய குளிசை குடலில் உறிஞ்சப்பட்டு வாயினாளம் வழியாக முதலில் ஈரலுக்குப் போகிறது. உடம்பின் மற்றப் பகுதிகள் காணும் அளவைவிடப் பன்மடங்கு செறிவை ஈரல் காணும். விழுங்கிய ஈஸ்ட்ரடையோலில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்குதான் மாறாமல் பொதுச் சுற்றோட்டத்துக்கு வருகிறது. தோலில் ஒட்டும் பட்டையோ பூசும் களிம்போ இந்த முதற் சுற்றைத் தவிர்த்துவிடும். கருத்தடைக் குளிசையில் உள்ள எதினைல் ஈஸ்ட்ரடையோல் மட்டும் வேறு சாதி. ஈரலால் அதை இலகுவாக உடைக்கமுடியாது, திரும்பத் திரும்ப ஈரலைக் கடந்துபோகும். அதனால் பட்டையாக ஒட்டினாலும் ஈரலில் வலுவாகவே வேலைசெய்யும்.

விழுங்கும் ஈஸ்ட்ரஜன் மனித ஈரலில் வளர்ச்சி ஓமோன் வாங்கியின் குரலை அடக்குகிறது. வாங்கிக்குள்ளிருந்து செய்தி போகும் வழியில் சொக்ஸ்-2 என்ற புரதத்தைக் கூட்டி, அதன்மூலம் ஜாக்-2 நொதியத்தை மட்டுப்படுத்துகிறது. விளைவு: வளர்ச்சி ஓமோனின் ஏவலில் ஈரல் சுரக்கும் ஐ.ஜி.எப்.-1 என்ற வளர்ச்சிக் காரணி இறங்குகிறது, அதைக் கண்டு கபச்சுரப்பி வளர்ச்சி ஓமோனைக் கூடச் சுரக்கிறது. வளர்ச்சி ஓமோன் குறைபாட்டுக்கு ஊசி போடும் பெண்கள் ஈஸ்ட்ரஜனை விழுங்கினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஊசி மருந்து தேவைப்படலாம். தோல் வழி மாறினால் அந்தத் தேவை குறையும். மருந்தின் வழியை மாற்றியபின் ஐ.ஜி.எப்.-1ஐத் திரும்ப அளக்காமல் ஊசியின் அளவை அப்படியே விடுவது சரியல்ல.

யாழ்ப்பாணத்தில் இதைவிட அதிகம் பேரைத் தொடும் விடயம் தைரொயிட் சுரப்பியின் ஓமோனான தைரொக்சின். ஈரல் செய்யும் தைரொக்சின் காவிப் புரதம், விழுங்கிய ஈஸ்ட்ரஜனால் இரத்தத்தில் அதிக நேரம் தங்குகிறது. அதன் சர்க்கரைச் சங்கிலியில் சியாலிக் அமிலம் கூடுவதால் ஈரலால் அதை விரைவாக அகற்றமுடியாமற் போகிறது. காவிகள் கூடினால் சும்மா திரியும் தைரொக்சின் குறையும். தைரொயிட் சுரப்பி நலமாக இருந்தால் அது கொஞ்சம் கூடச் சுரந்து ஈடுசெய்துவிடும், ஒன்றும் தெரியாது. ஆனால் சுரப்பி அகற்றியவருக்கோ செயலிழந்தவருக்கோ ஈடுசெய்ய எதுவுமில்லை. குளிசையின் அளவைத்தான் கூட்டவேண்டும். கூட்டுக் கருத்தடைக் குளிசையோ மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரஜன் குளிசையோ தொடங்கினால் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் டி.எஸ்.எச். (தைரொக்சின் போதாதபோது கபச்சுரப்பி கூட்டிச் சுரக்கும் ஓமோன்) பார்க்கவேண்டும். நிறுத்தினாலும் அதேபோல். புரொஜெஸ்டரோன் வகை மட்டும் உள்ள மூன்று மாத ஊசிக்கும் கையில் வைக்கும் குச்சிக்கும் இந்தப் பிரச்சினை இல்லை.

இதில் ஒரு சிறு விடயத்தைக் கிட்டவாகப் பார்க்கச் சொல்வேன். 28 குளிசைகள் உள்ள பல கருத்தடைப் பட்டைகளில் கடைசி ஏழும் வேறு நிறத்தில் இருக்கும். அவற்றில் ஓமோன் இல்லை, இரும்புச்சத்து இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் தைரொக்சினை விழுங்கும் கையோடு மறதி வராமலிருக்க இந்தக் குளிசையையும் சேர்த்து விழுங்கினால், இரும்பு குடலிலேயே தைரொக்சினைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு மாதமும் ஒரு கிழமைக்கு மருந்து ஒழுங்காக ஏறாது. டி.எஸ்.எச். கூடிவரும்போது ஈரலைக் குற்றம் சொல்லுமுன் இதைக் கேட்டுப் பார்க்கவேண்டும். கருத்தடைக் குளிசையை இரவுச் சாப்பாட்டோடு வைத்துக்கொண்டால் தீர்ந்தது. இரும்புக்கும் கல்சியத்துக்கும் தைரொக்சினுக்கும் நடுவே நான்கு மணித்தியாலம், தைரொக்சினுக்கும் காலைத் தேத்தண்ணிக்கும் நடுவே அரை மணித்தியாலமாவது வேண்டும்.

கர்ப்பத்தில் இதே ஈரல் விளைவு பெரிய அளவில், மிக விரைவாக வருகிறது. தைரொக்சின் எடுக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியானதும் குளிசையின் தேவை நூற்றுக்கு இருபது முப்பது பங்கு கூடிவிடலாம். கிழமைக்கு ஏழு குளிசை எடுத்தவர் ஒன்பதாகக் கூட்டுவது பலரும் பின்பற்றும் ஏற்பாடு. ஆனால் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். முதலாவது கர்ப்பவதிக் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் பதியும்போதே தைரொயிட் மருந்து எடுப்பதைச் சொல்லுங்கள். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் மூளை அந்த ஆரம்ப மாதங்களில் தாயின் தைரொக்சினையே நம்பியிருக்கிறது.

காவிப் புரதங்களில் இன்னொன்று பாலியல் ஓமோன்களையே காவுவது. சீட்டில் எஸ்.எச்.பி.ஜி. என்று வரும். இதுவும் ஈரலின் உற்பத்தி. ஈஸ்ட்ரஜனும் தைரொயிட் ஓமோனும் கூட்டும், அன்ட்ரஜன் குறைக்கும். ஈரலில் கொழுப்பு ஏறினாலும் குறையும். சீனி கூடும்போது ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றத் தொடங்குகிறது, அந்த வேளையில் இந்தப் புரதத்தின் பரம்பரையலகு அடங்கிவிடுகிறது. பல்கட்டிச் சூலக நோய் (பி.சி.ஓ.எஸ்.) உள்ள பெண்களில் டெஸ்டொஸ்டெரோனின் மொத்த அளவு சாதாரணமாக இருந்தும் முகத்தில் உரோமம் வளர்வதற்கு இது ஒரு காரணம்: காவி குறைவு, சும்மா திரியும் பங்கு கூட. மொத்த டெஸ்டொஸ்டெரோனை எஸ்.எச்.பி.ஜி.யால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு சுட்டெண் வரும். டெஸ்டொஸ்டெரோன் 1.8, எஸ்.எச்.பி.ஜி. 60 என்றால் சுட்டெண் 3, அதே 1.8க்கு எஸ்.எச்.பி.ஜி. 18 என்றால் 10. இரண்டும் லீட்டருக்கு நனோமோல் என்ற அலகில் இருக்கவேண்டும். ஆய்வுகூடம் டெஸ்டொஸ்டெரோனை டெசிலீட்டருக்கு நனோகிராமில் தந்திருந்தால் முதலில் 0.0347ஆல் பெருக்குங்கள். இந்தச் சுட்டெண் பெண்களுக்கு மட்டும்தான். ஆண்களுக்குப் போட்டுப் பார்க்கக்கூடாது. கருத்தடைக் குளிசை எடுத்துக்கொண்டிருக்கும்போது செய்த பரிசோதனையும் செல்லாது. குளிசையை நிறுத்தி மூன்று மாதமாவது போகவேண்டும், அந்தக் காலத்துக்கு வேறு கருத்தடை முறை வேண்டும். இதே காரணத்தால் கோர்ட்டிசோலின் காவியும் கூடி, காலைக் கோர்ட்டிசோல் பொய்யாக உயர்ந்து தெரியும். அதற்கு ஆறு வாரம் நிறுத்தச் சொல்வார்கள்.

தெல்லிப்பழை மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று ரமொக்சிபன் (tamoxifen) எடுக்கும் பெண்களுக்கும் இந்த ஈரல் கதை பொருந்தும். மார்பகத்தில் ஈஸ்ட்ரஜனைத் தடுக்கும் அதே மருந்து ஈரலில் ஈஸ்ட்ரஜனைப்போல் நடக்கிறது. வாங்கி ஒன்றுதான், அதோடு சேர்ந்து வேலைசெய்யும் துணைப் புரதங்கள் இரண்டு உறுப்பிலும் வேறு. எல்.டி.எல். குறைவது நன்மை. எஸ்.எச்.பி.ஜி.யும் தைரொக்சின் காவியும் கூடும், எனவே தைரொக்சின் எடுப்பவர் டி.எஸ்.எச். பார்க்கவேண்டும். மறுபக்கம் ஈரலில் கொழுப்பு படிவதும், சிலரில் திரைகிளிசரைட்டு மிகவும் ஏறுவதும் உண்டு. சலரோகமும் உள்ளவர்கள் ஈரல் நொதியங்களையும் கொழுப்பு அளவையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவேண்டும். ஈரல் கொழுப்புக்குப் பயந்து ரமொக்சிபனைத் தாங்களாக நிறுத்துவது மிகப் பெரிய பிழை. அந்த மருந்து காப்பது உயிரை.

கடைசியாக, எதிர்த்திசை. ஈரல் கெட்டால் பாலியல் ஓமோன் கெடும். சாராயத்தாலோ கொழுப்பாலோ ஈரல் சுருங்கிய ஆண்களில் எஸ்.எச்.பி.ஜி. கூடுகிறது, சும்மா திரியும் டெஸ்டொஸ்டெரோன் குறைகிறது, அதிரீனலிலிருந்து வரும் அன்ட்ரஜன் கொழுப்பிழையத்தில் ஈஸ்ட்ரஜனாக மாறுவது கூடுகிறது. மதுவோ விதையையும் நேராகத் தாக்குகிறது. உள்ளங்கை சிவப்பதும், நெஞ்சில் சிலந்திபோல் இரத்தக்குழாய்கள் தெரிவதும், மார்பு பெருப்பதும் இதன் வெளி அடையாளங்கள். மொத்த டெஸ்டொஸ்டெரோன் மட்டும் பார்த்தால் காவி கூடியிருப்பதால் அளவு நல்லதாகவே தோன்றி ஏமாற்றும்.

வயிற்றில் நீர் கோர்த்த இந்த நோயாளிகளுக்கு முதலில் கொடுப்பது ஸ்பைரனோலக்டோன், வழக்கமாக 100 மில்லிகிராமில் தொடங்கி. அந்த மருந்தே அன்ட்ரஜன் வாங்கியை அடைக்கும். மார்பு பெருத்து நோவெடுத்தால் அது ஈரலாலும் வரலாம், குளிசையாலும் வரலாம். மருந்து தொடங்கிய பிறகு வந்த நோவு என்றால் வைத்தியரிடம் அந்தத் திகதியைச் சொல்லுங்கள். அமிலோரைட்டுக்கு மாற்ற இடமிருக்கிறது. வெட்கத்தில் சொல்லாமல் குளிசையை மட்டும் நிறுத்திவிட்டால் ஒரு சில நாட்களிலேயே வயிறு திரும்ப நீர் கட்டத் தொடங்கும்.